சோறு வைப்பது கடைசி வேலை: வீட்டுத் தோட்டத்துக்குப் பறவைகளைப் பழக்குவது எப்படி

ஆறு வருடத்துக்கு முன் திருச்சியில் இந்த வீட்டுக்குக் குடிவந்ததும் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு படி ரேஷன் அரிசியைக் கொட்டி வைத்தேன். சிட்டுக்குருவி வரும், கிளி வரும் என்று நினைப்பு. மாடப்புறாதான் வந்தது. முதல் நாள் இரண்டு, மூன்றாம் நாள் பதினொன்று, இரண்டாவது வாரம் எண்ணுவதையே விட்டுவிட்டேன். மாடி முழுக்க எச்சம். சிந்திய அரிசிக்கு ராத்திரியில் எலி. பக்கத்து வீட்டு அம்மா காயவைத்திருந்த கூழ்வடகத்தின் மேலும் எச்சம். "புண்ணியம் உங்களுக்கு, வடகம் எனக்கா தம்பி?" என்று அவர் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார். என்ன பதில் சொல்வது?

அரிசியை நிறுத்தினேன். புறாக்கள் பத்து நாள் வந்து வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டன. அதன் பிறகு வரிசையைத் தலைகீழாக மாற்றித் தொடங்கினேன். முதலில் பார்ப்பது, அடுத்து தண்ணீர், பிறகு செடி, கடைசியில்தான் தீனி. வீட்டுக்குப் பின்னால் பத்தடிக்கு இருபதடி கொல்லை, அவ்வளவுதான் என் இடம். அதில் இதுவரை முப்பதுக்கும் மேற்பட்ட பறவை வகைகளை நோட்டில் குறித்திருக்கிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் வடகத்தில் தொடங்க வேண்டாம் என்பதற்காக, செய்ததையும் சொதப்பியதையும் எழுதுகிறேன்.

முதல் வாரம்: எதுவும் வைக்க வேண்டாம்

காலை ஆறு முதல் ஏழரை வரை, அல்லது மாலை நாலரை முதல் ஆறு வரை. இந்த இரண்டில் ஒரு வேளை, தினமும் இருபது நிமிடம், ஒரே இடத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள். கையில் ஒரு நோட்டு. என்ன வந்தது, எங்கே உட்கார்ந்தது, எதைத் தின்றது என்று மட்டும் குறித்தால் போதும். பெயர் தெரியாவிட்டால் "வால் ஆட்டும் கறுப்பு வெள்ளை" என்று எழுதுங்கள். பெயர் பிறகு கிடைக்கும்.

தமிழ்நாட்டில் எந்த ஊர் என்றாலும் கீழே சொல்பவற்றில் பாதியாவது முதல் வாரத்திலேயே கண்ணில் படும். காகம் இரண்டு வகை. கழுத்து சாம்பலாக இருப்பது ஊர்க்காகம், முழுக்கக் கறுப்பு அண்டங்காக்கை. ஆறேழாகக் கூட்டம் போட்டுக்கொண்டு தரையில் சருகைப் புரட்டிக் கத்துவது தவிட்டுக்குருவி. தலையில் கறுப்புக் கொண்டை, வாலடியில் சிவப்பு இருந்தால் கொண்டைக்குருவி. வாலைத் தூக்கி நிறுத்திக்கொண்டு, விடியற்காலையில் விசில் அடிப்பதுபோலப் பாடும் கறுப்பு வெள்ளைப் பறவை வண்ணாத்திக்குருவி. செம்பருத்தியில் தொங்கித் தலைகீழாகத் தேன் குடிப்பது தேன்சிட்டு. கட்டைவிரல் அளவே இருந்துகொண்டு வீடு அதிரக் கத்துவது தையல்சிட்டு. எங்கோ மரத்தில் 'டொக் டொக் டொக்' என்று பாத்திரம் தட்டுவதுபோல் ஓயாமல் கேட்டால் அது கன்னான். குக்குறுவான் என்றும் சொல்வார்கள். பார்க்கக் கிடைப்பது அரிது, காதில் விழுவது தினமும்.

பெயர் கண்டுபிடிக்க 'மெர்லின்' என்ற இலவசச் செயலி இருக்கிறது. அமெரிக்காவில் உள்ள கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகம் நடத்துவது. குரலைப் பதிவு செய்தால் எந்தப் பறவை என்று ஊகித்துச் சொல்லும். சில நேரம் தப்பாகவும் சொல்லும், கண்ணால் பார்த்தபின் நம்புங்கள். ஒரு எச்சரிக்கை: அதிலுள்ள குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள். வண்ணாத்திக்குருவி அதைத் தன் எல்லைக்குள் நுழைந்த வேறொரு ஆண் என்று நினைத்துக்கொண்டு, சாப்பாட்டை விட்டுச் சண்டைக்கு அலையும்.

ஒரு வாரம் கழித்து நோட்டைப் புரட்டினால் ஒன்று புரியும். வருபவற்றில் பெரும்பாலானவை அரிசியைத் திரும்பியும் பார்க்காதவை. தையல்சிட்டுக்கும் வண்ணாத்திக்குருவிக்கும் பூச்சி, தேன்சிட்டுக்குத் தேனும் சிலந்தியும், கொண்டைக்குருவிக்கும் குயிலுக்கும் பழம். தவிட்டுக்குருவிக்குப் பெரும்பாலும் பூச்சிதான், கிடைத்தால் எதுவும். தானியம் தின்பவை சிட்டுக்குருவி, சில்லை, புள்ளிப்புறா, கிளி, மாடப்புறா என்று கொஞ்சம்தான். ஆனால் தண்ணீர் வேண்டாத பறவை கிடையாது. அதனால்தான் தண்ணீரில் தொடங்கச் சொல்கிறேன்.

தண்ணீர்த் தட்டு

காசு செலவழிக்க வேண்டாம். பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் மண் தட்டு போதும். வாய் ஒரு அடி அகலம் இருந்தால் நல்லது. ஆழம் இரண்டு இன்ச்சைத் தாண்டக் கூடாது. குருவிக்கு இரண்டு இன்ச் என்பதே இடுப்பளவு. ஆழமான பாத்திரம்தான் இருக்கிறது என்றால் உள்ளே செங்கல் துண்டோ கூழாங்கல்லோ போட்டு மேடு செய்யுங்கள். எவர்சில்வர், அலுமினியம் வேண்டாம். வெயிலில் கொதிக்கும், கால் வழுக்கும். மண் தட்டின் சொரசொரப்பு நகத்துக்குப் பிடிமானம். தண்ணீரும் குளிர்ந்திருக்கும்.

எங்கே வைப்பது என்பதில்தான் எல்லாரும் தவறுவார்கள். நானும்தான். முதலில் செம்பருத்திப் புதரை ஒட்டி அழகாக வைத்தேன். மூன்றாம் நாள் அதே புதருக்குள் தெருப்பூனை பதுங்கியிருந்தது. தட்டைச் சுற்றி ஆறேழு அடிக்குப் பூனை மறையும் புதர் எதுவும் இருக்கக் கூடாது. அதே சமயம் தலைக்கு மேலே ஒரு கிளை வேண்டும், நனைந்த பறவை உடனே பறக்க முடியாமல் ஏறி உட்கார. என் தட்டு இப்போது முருங்கை நிழலில், இரண்டு ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி அதன் மேல் இருக்கிறது. மொட்டைமாடி என்றால் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழும் பக்கம் வையுங்கள்.

தினமும் காலையில் பழைய தண்ணீரைக் கொட்டி, தேங்காய் நாரால் ஒரு தேய் தேய்த்து, புதுத் தண்ணீர். சோப்பு வேண்டாம். வாரம் ஒருமுறை வெயிலில் கவிழ்த்துக் காயவிடுங்கள். இரண்டு தட்டு இருந்தால் மாற்றி மாற்றி வைக்கலாம். "டெங்குக் கொசு வராதா?" என்று வீட்டில் கேட்பார்கள், நியாயமான கேள்விதான். முட்டையிலிருந்து கொசு பறக்கச் சுமார் ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். தினமும் கொட்டுகிற தட்டில் அது நடக்காது. கொட்ட மறக்கிற ஆள் என்றால் தட்டே வைக்காதீர்கள்.

பொறுமை வேண்டும். என் தட்டுக்கு ஒன்பது நாள் யாரும் வரவில்லை. பத்தாம் நாள் மதியம் ஒரு தவிட்டுக்குருவி வந்து விளிம்பில் நின்றது. குடிக்கவில்லை. தண்ணீரைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, மறுபடி தண்ணீரைப் பார்த்தது. அப்புறம் ஒரே தாவல், நடுவில் இறங்கி, நெஞ்சை முக்கி, இரண்டு இறக்கையாலும் அடித்த அடியில் பாதித் தண்ணீர் வெளியே. முருங்கையில் காத்திருந்த மற்ற ஐந்தும் அதைப் பார்த்துவிட்டு ஒன்றாக இறங்கின. ஒரு அடித் தட்டில் ஆறு பறவை எப்படிக் குளிக்கும்? ஒன்றின் முதுகில் ஒன்று நின்று குளித்தன. முடித்ததும் கிளையில் வரிசையாக ஒட்டி உட்கார்ந்து ஒன்றுக்கொன்று கழுத்து இறகைக் கோதிவிட்டன. அன்றிலிருந்து தினமும் கிட்டத்தட்ட நாலரை மணிக்குக் குளியல்.

கத்திரி வெயில் மாதத்தில் தட்டை மதியம் ஒருமுறை நிரப்பியே ஆக வேண்டும். மழைக்காலத்தில் பறவைகள் தட்டை மதிக்காது, வருத்தப்பட வேண்டாம்.

செடியும் பூச்சியும்

பறவைக்குச் சோறு போடுவதில் பெரும்பங்கு மண்வெட்டி வேலைதான். நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கிற செடிகளே போதும், நர்சரிக்கு ஓட வேண்டியதில்லை.

கறிவேப்பிலையை எடுத்துக்கொள்ளுங்கள். பூத்தால் இலை குறையும் என்று பூவை ஒடித்துவிடுவோம். ஒரு கிளையை மட்டும் பூக்கவிடுங்கள். பச்சைக் காய் சிவந்து, கறுப்பு நீலமாகப் பழுக்கும்போது கொண்டைக்குருவியும் குயிலும் வந்து நிற்கும். அடுத்த மழைக்குத் தெருவெல்லாம் கறிவேப்பிலைக் கன்று முளைத்திருக்கும். முருங்கை பூத்தால் தேன்சிட்டு தேடி வரும். வாழை குலை தள்ளும்போது பூவின் மடலுக்குள் நுழைந்து வரும். வேலியில் தானாக வளர்ந்த கோவைக்கொடியைப் பிடுங்காதீர்கள், சிவந்த பழத்துக்கு அடிதடியே நடக்கும். தொட்டியில் மணத்தக்காளி வளர்த்தால் பாதி உங்களுக்கு, பாதி கொண்டைக்குருவிக்கு. இட்லிப்பூ, செம்பருத்தி, கல்வாழை எல்லாம் தேன்சிட்டுக்கான கடை.

இடம் இருந்தால் தேன்பழ மரம் வைக்கச் சொல்வார்கள், சர்க்கரைப்பழம் என்றும் சொல்கிற அதே மரம். இரண்டு வருடத்தில் காய்க்கத் தொடங்கி, ஏறக்குறைய வருடம் முழுக்கப் பழம் தரும். குக்குறுவான், மைனா, இரவில் வௌவால் என்று கூட்டம் குறையாது. ஆனால் குடைபோல் அகலமாக விரியும், தரையெல்லாம் பழம் சிந்தும். சுவரை ஒட்டி வைத்துவிட்டு அப்புறம் வெட்டிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பத்தடிக் கொல்லைக்கு அது வேண்டாம்.

தேன்சிட்டுக்குச் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றித் தொங்கவிடும் சிவப்புக் குப்பிகளைக் கடையில் பார்த்து வாங்கத் தோன்றும். அது அமெரிக்கக் கண்டத்து ரீங்காரச்சிட்டுகளுக்காக வந்த பழக்கம், அந்தப் பறவை இந்தியாவில் கிடையாது. நம் வெயிலில் சர்க்கரைத் தண்ணீர் சீக்கிரம் புளித்துப்போகும், எறும்பும் தேனீயும் மொய்க்கும். அந்தக் காசுக்கு இரண்டு இட்லிப்பூச் செடி வாங்கிவிடலாம்.

இனி பூச்சி. குஞ்சு வளர்க்கும் நாட்களில் தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடப் புழுவும் பூச்சியும்தான் கொண்டுபோய் ஊட்டும். பூச்சிமருந்து அடித்த தோட்டத்தில் தண்ணீரும் தீனியும் வைத்தும் பயனில்லை. கத்திரிச் செடியில் புழு விழுந்தால் கையால் பொறுக்கிப் போடுங்கள், தவிட்டுக்குருவி மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். எனக்குக் கொல்லையில் நத்தைத் தொல்லை இருந்தது. செம்போத்து வரத் தொடங்கிய பிறகு குறைந்துவிட்டது.

சருகைக் கூட்டி எரிப்பதையும் நிறுத்துங்கள். ஒரு மூலையில் குவித்துவையுங்கள். அதன் பலன் எனக்கு மூன்றாவது வருடம் ஐப்பசியில் கிடைத்தது. காலையில் அந்தச் சருகு மூலையில் ஏதோ தத்திக்கொண்டிருந்தது. பச்சை முதுகு, மஞ்சள் கலந்த பழுப்பு வயிறு, வாலடியில் சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை. வால் இருக்கிறதா என்றே தெரியாத அளவுக்குக் குட்டை. ஆறுமணிக்குருவி! காலை ஆறு, மாலை ஆறு வாக்கில் குரல் கொடுப்பதால் அந்தப் பெயர். இமயமலை அடிவாரம், மத்திய இந்தியா பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே வரும் பறவை. வருகிற வழியில் களைத்துப்போய் ஊருக்குள் தோட்டங்களில் இறங்கும். என் கொல்லையில் நான்கு நாள் தங்கி, சருகைப் புரட்டிப் புழு தின்றுவிட்டுப் போனது. அந்த நான்கு நாளும் வீட்டில் யாரும் பின்கதவைத் திறக்கவில்லை, துணி மாடியில்தான் காய்ந்தது.

தீனி

தண்ணீர்த் தட்டுக்குப் பறவைகள் பழகி, செடி வேர்பிடித்த பிறகு, மூன்று நான்கு மாதம் கழித்துத் தீனிக்கு வரலாம்.

தானியத்தில் தினை, கம்பு, அரிசி நொய் மூன்றும் கலந்து ஒரு கைப்பிடி. ஒரு கைப்பிடி என்றால் ஒரு கைப்பிடிதான். காலை ஏழுக்கு வைத்தால் பத்துக்குள் காலியாக வேண்டும். மிஞ்சினால் மறுநாள் அளவைக் குறையுங்கள். பொழுது சாய்வதற்குள் சிந்தியதைக் கூட்டி எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் ராத்திரி எலி, எலிக்குப் பின்னால் பாம்பு. சோறு வைப்பதானால் உப்பு, எண்ணெய், மசாலா இல்லாத வெறும் சோறு, ஒரு மணி நேரத்தில் தின்று முடிக்கிற அளவு. நம் வெயிலில் மதியத்துக்குள் ஊசிவிடும். சிறுசிறு உடம்புக்கு உப்பு ஆகாது, எனவே மிக்சர், முறுக்கு, சிப்ஸ் எதுவும் கூடாது. பால், பிஸ்கட், பிரெட் வேண்டாம். பூசணம் பிடித்த வேர்க்கடலையை "பறவைக்குத்தானே" என்று போடுவது விஷம் வைப்பதற்குச் சமம்.

பழம் வைப்பது இன்னும் எளிது. கனிந்த வாழைப்பழத்தைத் தோலோடு பாதியாகக் கீறி கிளையில் குத்திவையுங்கள். பப்பாளி பாதி கெட்டுவிட்டதா? நல்ல பகுதியை விதையோடு வையுங்கள். கொண்டைக்குருவி வரும், குயில் வரும், அதிர்ஷ்டம் இருந்தால் வால்காக்கை வரும். அணிலும் வரும். அணிலை விரட்டுவதற்கு நான் செய்த எல்லா முயற்சியும் தோற்றுவிட்டன. அதற்கும் ஒரு துண்டு தனியாக வைத்துவிடுகிறேன்.

மாடப்புறா விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். கட்டடங்களில் கூட்டமாகப் பெருகும். வந்துவிட்டால் சின்னப் பறவை தட்டுப் பக்கம் வராது. காய்ந்த எச்சத்தின் தூசியைத் தொடர்ந்து சுவாசித்தால் நுரையீரல் நோய் வரலாம். மும்பையில் காலங்காலமாக இருந்த புறாத் தீனி இடங்களை 2025இல் மாநகராட்சி மூடியதற்கு இதுவே காரணம். எச்சத்தைச் சுத்தம் செய்யும்போது தண்ணீர் தெளித்து ஈரமாக்கிவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு கூட்டுங்கள். புறாவைத் தவிர்க்க எனக்குப் பலித்த வழி: ஒன்றரை இன்ச் கட்டம் உள்ள கம்பிவலையைப் பெட்டிபோல் வளைத்து, தானியத் தட்டின் மேல் கவிழ்த்துக் கட்டிவிட்டேன். சிட்டுக்குருவியும் சில்லையும் சுலபமாக நுழையும். புறா சுற்றிச் சுற்றி நடந்துவிட்டுப் போய்விடும்.

காக்கைக்குச் சோறு வைப்பது நம் வீடுகளில் தனிக் கணக்கு. அமாவாசைக்கு வைப்போம், கனுப்பொங்கலுக்கு மஞ்சள் இலையில் கலந்த சாதத்தைப் பிடிபிடியாக வைப்போம். அதை நிறுத்தச் சொல்லவில்லை. குருவிகளுக்கு வைக்கும் இடத்திலிருந்து தள்ளி, மாடியிலோ முன்வாசல் பக்கமோ வையுங்கள். காக்கை கண்ட இடத்தில் சின்னப் பறவை கூடு கட்டத் தயங்கும், முட்டையையும் குஞ்சையும் அது விடாது.

இறகைச் சிலிர்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும் பறவையோ, கண்ணைச் சுற்றிக் கட்டி வந்த பறவையோ தட்டுக்கு வந்தால், தீனியையும் தண்ணீரையும் இரண்டு வாரம் எடுத்துவிடுங்கள். ஒரே தட்டில் கூடுவதால்தான் நோய் பரவும். பறவைக் காய்ச்சல் செய்தி உங்கள் பக்கத்தில் வந்தாலும் அப்படியே.

பழக்கம் பிடிப்பது

"கையில் வந்து உட்காருமா?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். உட்கார வைக்கலாம், ஆனால் வேண்டாம். மனிதக் கைக்குப் பயம் விட்ட பறவை, கல் வைத்திருக்கும் கையையும் பூனை உள்ள வீட்டையும் அதேபோல் நம்பும். நீங்கள் இருப்பதைச் சட்டை செய்யாமல் அது தன் வேலையைப் பார்த்தால், நட்பு அமைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு வழி, சலிப்பு தட்டும் அளவுக்கு ஒரே மாதிரி நடந்துகொள்வது. அதே நேரம், அதே நாற்காலி. முதலில் தட்டிலிருந்து இருபதடி தள்ளி. பறவை தயங்காமல் இறங்கத் தொடங்கிய பிறகு வாரத்துக்கு ஒரு அடி முன்னால் நகர்த்துங்கள். எங்கே பறந்தோடுகிறதோ அங்கிருந்து இரண்டடி பின்னால் போய்விடுங்கள். நேருக்கு நேர் உற்றுப் பார்க்காதீர்கள், அது வேட்டைக்காரப் பார்வை. தலையைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு செய்தித்தாளைப் பாருங்கள். திடீரென்று எழுவது, கைபேசியை உயர்த்துவது இரண்டும் கூடாது. தண்ணீர் வைத்ததும் நான் தட்டின் விளிம்பை இரண்டு முறை தட்டுவேன். இப்போது அந்தச் சத்தத்துக்கே வண்ணாத்திக்குருவி மதிலில் வந்து நிற்கிறது. எனக்கு ஆறடியில் நிலைத்தது, அதற்குள் போக நான் முயலவில்லை.

காக்கை மட்டும் இதில் வேறு ரகம், அது ஆளையே அடையாளம் வைத்துக்கொள்ளும். அமெரிக்காவில் சியாட்டில் நகரில் 2006இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆதிமனித முகமூடி போட்டுக்கொண்டு சில காக்கைகளைப் பிடித்து, வளையம் மாட்டி விட்டார்கள். பல வருடம் கழித்தும் அந்த முகமூடியோடு யார் நடந்தாலும் காக்கைகள் கூடிக் கத்தின, பிடிபடாத காக்கைகளும் சேர்ந்துகொண்டன. அங்கே உள்ளது வேறு இனம். ஆனால் எங்கள் தெருவில் தென்னையிலிருந்து காக்கைக் கூட்டைத் தட்டிவிட்ட ஒருவர் அதன் பிறகு ஒரு மாதம் குடை இல்லாமல் வெளியே வரவில்லை. காக்கையைப் பகைத்துக்கொள்ளாதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

கூடு கட்டினால்

ஒரு பங்குனியில் எங்கள் பின்வாசல் பல்புக்குப் போகும் ஒயரில் சிலந்திவலைத் துணுக்கு ஒட்டியிருந்தது. ஒட்டடை என்று துடைக்கப் போனேன். பெண் தேன்சிட்டு வந்து இன்னொரு துணுக்கை அதே இடத்தில் ஒட்டியது. நார், சருகுத் துண்டு, மரப்பட்டைத் தூள், எல்லாவற்றுக்கும் பசை சிலந்திவலைதான். கட்டி முடித்தபோது ஒரு பை தொங்கியது. வாசலுக்கு மேலே மழை விழாமல் தாழ்வாரம்கூட வைத்திருந்தது. பல்பை ஒன்றரை மாதம் போடவில்லை, டார்ச் வைத்துக்கொண்டோம். ஒட்டடை அடிப்பதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

கூட்டைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். கிளையை விலக்கிப் பார்த்துப் படம் எடுத்தால், அந்த வழி காக்கைக்கும் பூனைக்கும் தெரிந்துவிடும். தூரத்திலிருந்து பாருங்கள்.

சிட்டுக்குருவிக்குப் பெட்டி வைப்பதானால் வாசல் 32 மில்லிமீட்டர் விட்டம், பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது. அதற்கு மேல் போனால் மைனா பிடித்துக்கொள்ளும். எட்டுப் பத்தடி உயரம், நிழல், மேற்கு வெயில் படாத பக்கம், மின்விசிறிக்கு அருகில் இல்லாமல். உள்ளே எதுவும் போட வேண்டாம், அதுவே வைக்கோல் கொண்டுவரும். பக்கத்தில் சிட்டுக்குருவியே இல்லாத இடத்தில் பெட்டி காலியாகத்தான் தொங்கும். மார்ச் 20 உலகச் சிட்டுக்குருவி தினத்தில் இலவசமாகக் கிடைத்தது என்று வாங்கி மாட்டிவிட்டு ஏமாறுகிறவர்கள் அதிகம்.

தரையில் குஞ்சு கிடந்தால் அவசரப்படாதீர்கள். இறகு முளைத்துத் தத்துகிற குஞ்சு என்றால் அது பறக்கப் பழகுகிறது, அம்மா அருகில்தான் இருக்கும். பூனை வரும் இடமாக இருந்தால் மட்டும் எடுத்துப் பக்கத்துக் கிளையில் வையுங்கள். இறகே இல்லாத செக்கச் செவேலென்ற குஞ்சைக் கூட்டிலேயே திரும்ப வைக்கலாம். மனித வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது கதை. வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்ச் செத்துவிடும். அடிபட்டிருந்தால் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, இருட்டாக வைத்து, வனத்துறைக்கோ கால்நடை மருத்துவரிடமோ சொல்லுங்கள். "பாவம், நாமே வளர்க்கலாம்" என்று கிளிக்குஞ்சைக் கூண்டில் வைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

மீதி அபாயங்கள் சட்டென்று: பெரிய கண்ணாடி ஜன்னலில் வானம் தெரிந்தால் பறவை மோதும். வெளிப்பக்கம் இரண்டு இன்ச் இடைவெளியில் வெள்ளைப் புள்ளிகள் வையுங்கள், புள்ளிக்கோலம் தெரிந்த வீட்டில் அரைமணி வேலை. பைக் கண்ணாடியைக் கொத்திக்கொண்டே இருந்தால் ஒரு பழைய சாக்ஸை மாட்டிவிடுங்கள், தன் பிம்பத்தோடு சண்டை போட்டுக் களைத்துப்போகும். மரத்தில் சிக்கிய பட்டநூலைக் கண்டவுடன் அறுத்து எடுங்கள்.

எண்ணிக்கை, ஊருக்குப் போவது

நோட்டு எழுதும் பழக்கம் வந்துவிட்டால் ஜனவரியில் பொங்கலை ஒட்டித் தமிழ்நாட்டில் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் சேரலாம். பிப்ரவரியில் உலகம் முழுக்க நான்கு நாள் கொல்லைப்புறப் பறவை எண்ணிக்கை நடக்கும். குறைந்தது பதினைந்து நிமிடம், உங்கள் வீட்டிலேயே நின்று பார்த்ததை 'ஈபேர்ட்' தளத்தில் பதிய வேண்டும். பெயர் தெரிந்த பத்துப் பறவை போதும். என் முதல் பட்டியலில் ஏழுதான், காக்கை, மைனா, மாடப்புறா மூன்றையும் சேர்த்து.

ஊருக்குப் போவதானால் தீனியை நான்கு நாள் முன்பிருந்தே குறைத்து நிறுத்திவிடுங்கள். அவற்றுக்கு வேறு வழி தெரியும், யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை. கோடையில் தண்ணீருக்கு மட்டும் ஆள் சொல்லிவிட்டுப் போங்கள். போன மே மாதம் நாங்கள் ஒரு வாரம் ஊரில் இல்லை. பக்கத்து வீட்டு அம்மாவிடம் கொஞ்சம் தயக்கத்தோடுதான் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனேன். இரண்டாம் நாள் சாயங்காலமே போன் வந்தது. "தம்பி, நாலரைக்கு ஊத்தணும்னு சொல்லாம போயிட்டீங்களே. அந்த ஆறும் வந்து வெறுந்தட்டைச் சுத்தி நின்னு என்னைத் திட்டுதுங்க."